அடுப்பு ஓட்டம்

படம் எடுக்க வேண்டும் என்று சொன்னது டாவிதான்.

"எல்லாரும் பலகைய முன்னாடி வரிசையா வைங்க. அப்படி இல்ல, சக்கரம் தெரியற மாதிரி. ஹாஸ்கல், உன்னோடது நடுவுல. நீதானே போன வருஷ ராஜா."

ஹாஸ்கல் சிரித்துக்கொண்டே தன் கறுப்புப் பலகையைத் தார்த்தரையின் நடுவில் வைத்தான். "ராஜான்னா குடை பிடிக்க ஆள் வேணுமே. கிழவா, நீ வாயேன்."

கிழவன் என்றது என்னை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. எங்கள் குழுவில் அது கிழப் பருவம்தான்.

டாவி கைபேசியைத் தூக்கிப் பிடித்தாள், இறக்கினாள். வெயில் கண்ணில் அடிக்கிறது என்று எல்லோரையும் மறுபக்கம் திரும்பச் சொன்னாள். பல் டாக்டர் கிம்பல் கண்ணை மூடிவிட்டார் என்று மறுபடி எடுத்தாள். அன்றைக்குப் பாலைவன நகரமான ஃபீனிக்ஸில் நூற்றுப் பதினேழு டிகிரி ஃபாரன்ஹீட். கால்வாய்க்கரைப் புதர்களில் கரிய பறவைகள் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தன. எங்கள் பலகைகள் எல்லாம் தாரின் மேல் வெந்துகொண்டிருந்தன. டாவியுடையது மட்டும் வேனின் நிழலில், ஐஸ் பெட்டியின் மேல் கிடந்தது. அதை நான் பார்த்தேன். எடுத்துவர மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் ஓட்டுவது ஒற்றைச் சக்கரப் பலகை. நடுவில் ஒரே ஒரு தடித்த சக்கரம், முன்னும் பின்னும் ஒவ்வொரு பாதம் வைக்க இடம், உள்ளே பேட்டரியும் மோட்டாரும். கைப்பிடி இல்லை, பிரேக் இல்லை. முன்னால் சாய்ந்தால் ஓடும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். நம்மைக் கவிழாமல் மட்டமாக வைத்திருப்பது மோட்டாரின் வேலை. அதன் சக்தி தீரப்போகிறது என்றால் பலகையின் மூக்கு மெல்ல மேலே தூக்கும். வேகத்தைக் குறை என்று அதற்கு அர்த்தம். குறைக்காமல் மூக்கைக் காலால் அமுக்கிக்கொண்டு போனால், ஒரு கட்டத்தில் மோட்டார் கையை விரித்துவிடும். மூக்கு தரையில் குத்தும், ஆள் பறப்பான். சூடேறிய மோட்டாருக்கு அந்தக் கட்டம் சீக்கிரம் வரும். மேலே நிற்கிற ஆள் கனமாக இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும்.

ஜூலை மாதத்தில் விடிவதற்குள் ஓட்டி முடித்துவிடுவது எங்கள் வழக்கம். ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் மட்டும் பிற்பகலில் ஓட்டுவோம். அதற்கு அடுப்பு ஓட்டம் என்று பெயர். பூங்காவில் தொடங்கி, கால்வாய்க்கரையோடு போய், செலியாவின் ஐஸ் கடையில் முடியும். வழியில் கால் தரையில் பட்டால் ஆட்டத்திலிருந்து வெளியே. வெளியே போனவர்கள் எங்காவது நிழலில் ஒதுங்கி நிற்பார்கள், வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். ஜெயித்தவரின் பெயரைக் கடையில் தொங்கும் ஓர் இரும்புச் சட்டியில் வெள்ளைப் பெயிண்டால் எழுதுவோம். பரிசு அவ்வளவுதான். ஆனாலும் அந்தச் சட்டிக்காக ஆட்கள் செய்திருப்பதை எல்லாம் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

எல்லோருக்கும் பின்னால் ஒருவர் வருவார். அவரைக் கடைசி ஆள் என்போம். அவர் போட்டியில் இல்லை. விழுந்தவர்களுக்காக நிற்பதுதான் அவர் பொறுப்பு. விழுந்தவர் தன் ஹெல்மெட்டின் உச்சியில் இரண்டு தட்டுத் தட்டினால், எனக்கு ஒன்றுமில்லை, நீ போ என்று பொருள். தட்டாவிட்டால் கடைசி ஆள் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

சென்ற ஆண்டு கடைசி ஆள் ஹாஸ்கல். டாவியின் தம்பி ரேமி, கிடங்குகளுக்குப் பின்னால் கரை முழுக்கத் தார் போட்ட பகுதியில் விழுந்தான். அவனுக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் பலகை சூடாகி ஒவ்வொருவராக ஒதுங்கிவிட்டிருந்தோம். சட்டி கேட்பாரற்றுக் கிடந்தது. ஹாஸ்கல் ரேமியைத் தாண்டிக்கொண்டு போய்க் கடையை அடைந்துவிட்டான். கடைசி ஆளே முதல் ஆளாக வந்துவிட்டான் என்று நாங்கள் வேனிலிருந்து இறங்கிக் கைதட்டினோம். அது விதிக்குள் வருமா என்று கிம்பல் வேடிக்கையாக வாதாடினார். சட்டியில் அவன் பெயரை எழுதிய பிறகுதான், ரேமி எங்கே என்று டாவி கேட்டாள்.

கிடங்குக்கு வந்த ஒரு லாரிக்காரர் அவனைத் தூக்கி நிழலில் கிடத்தியிருந்தார். இடது தோளின் காறை எலும்பு முறிந்திருந்தது. வலது கை உடம்புக்கு அடியில் மாட்டி, முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை தாரில் வெந்திருந்தது. வாரக்கணக்கில் தீக்காய வார்டில் கிடந்தான். தொடையிலிருந்து தோலை எடுத்துக் கையில் ஒட்டினார்கள். அவன் டைல் பதிக்கிறவன். விரல்கள் இன்னும் முழுதாக மடங்குவதில்லை.

ஹாஸ்கல் கேட்டவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னான். "தட்டினான். ரெண்டு தட்டு. நான் பாத்தேன்."

ரேமி தனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்றான். டாவிதான் விடவில்லை. "இடது தோள் உடைஞ்சிருக்கு, வலது கை அடியில மாட்டியிருக்கு. எந்தக் கையால தட்டினான்? மூணாவது கை ஏதாவது முளைச்சுதா?" என்று எங்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டாள். தட்டிய பிறகு புரண்டிருக்கலாம் என்றோம். மயக்கத்தில் கை அசைந்திருக்கலாம் என்றோம். உண்மை என்னவென்றால், எங்கள் எல்லோருடைய பலகைகளையும் ஹாஸ்கல்தான் தன் கராஜில் வைத்துப் பழுதுபார்ப்பான். அவன் வீட்டுக் கொல்லையில்தான் எங்கள் விருந்துகள் நடக்கும். அவன் இல்லாவிட்டால் குழு இல்லை. அந்தப் பேச்சு ஓய்ந்தால் போதும் என்று எங்களுக்கு இருந்தது.

டாவி கொஞ்ச காலம் வராமல் இருந்தாள். வசந்தத்தில் திரும்பி வந்தாள். எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள். ஜூன் மாதத்தில் ஒரு நாள், உச்சிவெயிலில், அவள் தனியாக அந்தக் கிடங்குப் பகுதியில் போய் வந்துகொண்டிருப்பதைக் காரிலிருந்து பார்த்து நிறுத்தினேன்.

"என்ன பண்றே இந்த வெயில்ல?"

"வெயில் பலகையோட சக்தியை எவ்வளவு எடுத்துக்குதுன்னு பாக்கறேன்." முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. நான் கொடுத்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். "அந்த ஏத்தம் இருக்குல்ல வெண்டல், ரோட்டுக்கு ஏறுற இடம். ரெண்டு கிடங்குக்கு நடுவுலேந்து காத்து நேரா மூஞ்சில அடிக்குது. என் எடைக்கே பலகை மூக்கைத் தூக்குது. ஹாஸ்கல் என்னை மாதிரி ரெண்டு பேர்."

காருக்குள் வந்து உட்காரச் சொன்னேன். அவள் ஏறவில்லை.

"அவன் இந்தத் தார்ல விழணும். விழுந்து, ரேமி தட்டலன்னு அவன் வாயால சொல்லணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"தள்ளிவிடப் போறியா?"

"தொடக்கூட மாட்டேன்."

கோபத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். இந்த ஆண்டு கடைசி ஆளாக இருக்க யாரும் முன்வரவில்லை. நான் ஒத்துக்கொண்டேன்.

படம் எடுத்து முடிந்ததும் ஹெல்மெட்டுகளை மாட்டினோம். ஹாஸ்கல் கையில்லாத பனியனும் அரைக்கால் சட்டையும் போட்டிருந்தான். நாங்களும் ஏறக்குறைய அப்படித்தான். டாவி ஜீன்ஸ், முழுக்கைச் சட்டை, தோல் கையுறைகள்.

"என்ன டாவி, பனியில சறுக்கப் போறியா?" என்றான் ஹாஸ்கல்.

"கீழ விழறவங்களுக்குத்தான் இதெல்லாம். நீதான் விழமாட்டியே."

"கடைசியா எப்ப விழுந்தேன்னு எனக்கே ஞாபகம் இல்ல."

"ஞாபகம் இல்லாதது இங்க எல்லாருக்குமே வசதியாத்தான் இருக்கு."

கிம்பல் தொண்டையைச் செருமினார். "போலாமா? என் மூளை உருகி காதுவழியா வருது."

தொடங்கினோம். காற்று முகத்தில் படுவது சுகமாக இருக்கும் என்று ஓட்டாதவர்கள் நினைப்பார்கள். அந்த வெயிலில் காற்று என்பது திறந்த அடுப்பிலிருந்து வரும் மூச்சு. கண் உலர்ந்து இமை ஒட்டும். வியர்வை வருவதே தெரியாது, உப்பு மட்டும் தோலில் நிற்கும். தரையின் சூடு காலணியின் அடி வழியாக மேலே வந்துகொண்டிருக்கும். கால்வாயில் பச்சைத் தண்ணீர் பக்கத்திலேயே ஓடும், இறங்கினால் அபராதம்.

முதல் பாலத்துக்கு அப்பால் டெல்ஃபீன் நின்றுவிட்டாள். பள்ளியில் கணக்குச் சொல்லித்தருபவள், எதையும் ஒரு கணக்குப் போட்டுத்தான் செய்வாள். வேலிமர நிழலில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்து ஹெல்மெட்டில் தட்டினாள். அடுத்து இரண்டு பேர். அப்புறம் கிம்பல். "பலகை கண்ணீர்விட்டு அழுவுது, என்ன பண்ண? நீ போ, நீ போ" என்று இரண்டு கையாலும் தட்டினார். ஒவ்வொருவரிடமும் நின்று, தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனேன். நான் மெதுவாகவே ஓட்டுகிறவன், என் பலகை அதனால் தாங்கியது.

கிடங்குப் பகுதி தொடங்கும் திருப்பத்தில் எனக்கு முன்னால் அவர்கள் இருவர் மட்டும்தான். கால்வாய் அங்கிருந்து நேர்கோடாகப் போகிறது. கானலில் இரண்டு உருவங்களும் இடுப்புக்குக் கீழே கரைந்து, தண்ணீர் மேல் நிற்பவர்கள்போலத் தெரிந்தன. ஹாஸ்கல் முன்னால். டாவி பின்னால் ஒட்டியபடி. அவன் உடம்பின் மறைவில் போகிறாள், காற்றை அவனே தாங்கட்டும் என்று விட்டிருக்கிறாள் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

ஏற்றத்துக்குச் சற்று முன்னால் அவள் பக்கவாட்டில் விலகி அவனைத் தாண்டினாள். தாண்டிவிட்டு வேகத்தைக் குறைத்து, அவன் அருகே வரும்வரை காத்திருந்தாள். தலையைத் திருப்பி ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று பிறகு அவளிடம் கேட்டேன். "சட்டியில உன் பேரை அழிச்சுட்டு எழுதவா, கீழ எழுதவான்னு கேட்டேன்" என்றாள்.

அவள் முன்னால் சாய்ந்தாள். அவனும் சாய்ந்தான்.

புதிதாக வருகிறவர்களிடம் ஹாஸ்கல் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. மூக்கு தூக்கினா அமுக்கு, பயமா இருந்தா வீட்ல இரு. அதை நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம், அவனைத் தவிர யாரும் செய்ததில்லை. ஏற்றத்தில் ஏறும்போது அவன் முன்னங்கால் முட்டி விறைப்பதை அவ்வளவு தூரத்திலிருந்தும் பார்த்தேன். பலகை எச்சரிக்கிறது, அவன் அமுக்குகிறான். டாவி இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். அவனும் சாய்ந்தான். கிடங்குகளின் இடைவெளியிலிருந்து காற்று வந்து அவன் பனியனைப் பின்னால் இழுத்தது. அந்த இடத்தில் டாவி பின்னால் சாய்ந்து வேகத்தை விட்டுவிட்டாள். அவன் விடவில்லை.

பலகை நின்ற இடத்தில் நின்றது. ஹாஸ்கல் நிற்கவில்லை. மேடையிலிருந்து உருட்டிவிட்ட மூட்டைபோல் விழுந்து, புரண்டு, இடப்பக்கமாகக் கிடந்தான். வலது பாதம் இருக்கக் கூடாத திசையில் இருந்தது. சத்தம் அதன் பிறகுதான் என்னை எட்டியது.

டாவி அவனைச் சுற்றிவந்து, காலைத் தரையில் வைத்து இறங்கினாள். சட்டி போனது. தன் நிறுத்தம் வந்ததும் பேருந்திலிருந்து இறங்குபவள்போல அவ்வளவு சாதாரணமாக இறங்கினாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஹாஸ்கல் உள்ளங்கையை ஊன்றி எழப் பார்த்தான். கை தாரில் பட்டதும் பிடுங்கிக்கொண்டான். பிடுங்கிய வேகத்தில் மறுபடி தோள் தரையில் மோதியது.

"காலு போச்சு. தூக்கு. யாராவது தூக்குங்க."

"தட்டு" என்றாள் டாவி.

"என்னது?"

"ஹெல்மெட்ல ரெண்டு தட்டு. நான் பாட்டுக்குப் போயிடறேன்."

நான் என் பலகையைப் போட்டுவிட்டு அவன் அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். கதவை அடைத்து நிற்கிற ஆள். அசைக்கக்கூட முடியவில்லை. என் வெறும் முட்டி தரையில் பட்டதும் சுரீரென்று சுட்டது. கைபேசியை எடுத்தேன். சூடு அதிகம், ஆறட்டும் என்று ஒரு படத்தைக் காட்டிவிட்டு அணைந்துபோனது.

"டாவி, அந்தப் பக்கம் பிடி. என்னால தனியா ஆகாது."

அவள் அசையவில்லை. சூரியன் மேற்கே சாயத் தொடங்கியிருந்ததால் அவளுடைய நிழல் ஹாஸ்கலின் முகத்தில் விழுந்திருந்தது. குனிந்து அதைப் பார்த்தாள். இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

ஹாஸ்கல் அவளை ஏறிட்டுப் பார்த்தான். அவன் வீம்புக்காரன், அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். வலது கையைத் தூக்கி ஹெல்மெட்டில் இரண்டு தட்டுத் தட்டினான். "போதுமா? தட்டிட்டேன். போய்த் தொலை."

"எவ்வளவு சுலபமா வருது பாரு." தன் பலகையை அவன் தலைமாட்டில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தாள். "கை நல்லா இருக்கறவனுக்குச் சுலபம்தான். ரேமி எந்தக் கையால தட்டினான்?"

அவன் பல்லைக் கடித்தான். வலப்பக்கம் புரள முயன்றான். கால் விடவில்லை. வெறும் தோள் தரையிலிருந்து எழும்பி மறுபடி படிந்தது. அவன் கத்தியது எதிர்க்கரைவரை போயிருக்கும்.

"டாவி, போதும்" என்றேன். "தோல் உரியுது."

"தெரியும் வெண்டல். எப்படி உரியும், அப்புறம் எப்படி ஒட்டும், கட்டு மாத்தும்போது எதோட பிஞ்சு வரும், எல்லாம் தெரியும். பக்கத்துல உக்காந்திருந்தது நான்தான்." குரல் ஏறவே இல்லை. அவன் பக்கம் திரும்பினாள். "எந்தக் கையால?"

"தட்டல."

"காத்து அடிக்குது. கேக்கல."

"அவன் தட்டல." ஹாஸ்கலுக்கு மூச்சு துண்டுதுண்டாக வந்தது. "கண்ணத் திறந்து என்னையே பாத்துட்டு இருந்தான். பேசல. நான் போயிட்டேன். போதுமா? தூக்குங்கடா என்னை."

போதும் என்றுதான் அவள் முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். மாறியது, ஆனால் வேறு மாதிரி. படிக்கட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று கால் வைத்து, இல்லாமல் தடுமாறியவளைப்போல விழித்தாள். இரண்டு முறை அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பிறகுதான் எழுந்து வந்தாள். அவள் கையுறையோடு அவன் இடுப்பு வாரைப் பற்றினாள், நான் தோள்களைப் பிடித்தேன். கிடங்குச் சுவரின் ஓரத்தில் இருந்த ஒரு கை அகல நிழலுக்கு இழுத்துப்போட்டோம். என்னிடமிருந்த தண்ணீர் முழுவதையும் அவன் தோளிலும் கையிலும் ஊற்றினேன். அவள் தன்னுடையதையும் நீட்டினாள். அவள் தன் கைபேசியை வேனிலேயே விட்டிருந்தாள். நான் சாலைக்கு ஓடிப்போய் ஒரு வண்டியை மறித்து, அதில் வந்தவரின் கைபேசியில் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.

அது வந்து அவனை ஏற்றிக்கொண்டு போன பிறகு, வேன் வந்து எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டது.

செலியாவின் கடையில் மற்றவர்கள் சிவப்பும் பச்சையுமாகச் சாறு ஊற்றிய ஐஸ் கிண்ணங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். டாவி வேனைவிட்டு இறங்கவில்லை. நான் உள்ளே போய் நடந்ததைச் சொன்னேன். ஹாஸ்கல் சொன்னதை அவன் வார்த்தைகளிலேயே சொன்னேன்.

கிம்பல் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். "தார் மேல கிடக்கறவன் எதை வேணா சொல்லுவான்யா. என்னை அங்க போட்டிருந்தா, நிலாவுல இருக்கற பள்ளமெல்லாம் நான் தோண்டினதுன்னு சொல்லியிருப்பேன்."

"கண்ணத் திறந்து பாத்துட்டு இருந்தான்னு சொன்னானே" என்றாள் டெல்ஃபீன். "அதை யாரு அவன்கிட்ட கேட்டா?"

கிம்பல் கரண்டியை மறுபடி எடுத்துக் கிண்ணத்தைக் கிளறினார். ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. செலியா சட்டியை ஆணியிலிருந்து இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு, பெயிண்ட் டப்பாவோடு எங்களைப் பார்த்தாள். "இந்த வருஷம் யாரு பேரு?" வந்து சேர்ந்தவர்கள் யாரும் இல்லை என்றோம். அவள் தோளைக் குலுக்கிவிட்டுச் சட்டியைத் திரும்ப மாட்டினாள்.

"ரேமிகிட்ட நீங்களும் வாங்க" என்றாள் டாவி, நான் வேனுக்குத் திரும்பியதும். "நான் மட்டும் சொன்னா நான் இட்டுக்கட்டினதுன்னு நினைப்பான். ஒரு வருஷமா, விடு விடுன்னு சொல்லிட்டே இருக்கான் என்கிட்ட."

ரேமியின் வீடு இரண்டாவது மாடியில். ஜன்னல்களில் வெள்ளித்தாள் ஒட்டியிருந்தது. உள்ளே ஏசி உறுமிக்கொண்டிருந்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ரப்பர் பந்தை வலது கையால் பிசைந்துகொண்டிருந்தான். ஒட்டிய தோல் அந்தக் கையில் இன்னும் வேறொருவருடையதைப் போலப் பளபளத்தது. அதிகம் பேசாத, யாரிடமும் முகம் சுளிக்காத பையன் என்றுதான் அவனை நாங்கள் எல்லோரும் சொல்வோம். ஹாஸ்கல் மருத்துவமனைக்குப் பழக்கூடை அனுப்பியபோது நன்றி சொல்லி அனுப்பியவன்.

டாவி அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "சொல்லிட்டான்டா. நீ தட்டலன்னு சொல்லிட்டான். வெண்டல் இருந்தாரு, கேளு."

ரேமி பந்தை நிறுத்தவில்லை. "எங்க?"

"ஏத்தத்துல. நீ விழுந்த இடத்துக்குக் கொஞ்சம் மேல."

"எந்தப் பக்கமா விழுந்தான்?"

"இடப்பக்கம்."

"சட்டை?"

"கையில்லாத பனியன்."

என்னைப் பார்த்தான். "கத்தினானா?"

"கால் போச்சு, தூக்குங்கன்னு கத்தினான்" என்றேன்.

"எப்படி?"

நான் அவனை நிமிர்ந்து பார்த்தேன். டாவியும் இப்போது தம்பியைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள்.

"இன்னொண்ணும் சொன்னான்" என்றாள். "நீ கண்ணத் திறந்து அவனையே பாத்துட்டு இருந்தேன்னு."

பந்து நின்றது.

"ஆமா" என்றான் ரேமி.

"உனக்கு ஞாபகம் இல்லன்னு சொன்னியேடா."

"எல்லாம் ஞாபகம் இருக்கு. என் பக்கத்துல வந்து நிறுத்தினான். இறங்கல. கால் கீழ வச்சா, ஆட்டத்துலேந்து போயிடுவான்ல? பலகை மேலேயே முன்னும் பின்னும் ஆடிட்டு நின்னான். என்னைப் பாத்தான். ரோட்டைப் பாத்தான். மறுபடி என்னைப் பாத்தான். எனக்கு வாய் வரல. அவன் டயர்ல ஒரு கல்லு மாட்டி டிக் டிக்குன்னு சத்தம் வந்துது. அது போய்ட்டே இருந்தது ரொம்ப நேரம் கேட்டுது."

டாவி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள். "ஏன்டா சொல்லல? ஒரு வருஷமா பைத்தியக்காரி மாதிரி ஒவ்வொருத்தன் கால்லயும் விழுந்தேனே, உன் கை எங்க இருந்துதுன்னு படம் வரைஞ்சு காட்டினேனே. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே."

"சொன்னா என்ன நடக்கும்? அவன் அழுவான். மன்னிப்பு கேப்பான். கிம்பல் எல்லாரையும் உக்காரவச்சு, கை குலுக்குங்கப்பான்னு சொல்லுவாரு. இந்தக் கையைப் பிடிச்சு குலுக்குவான் அவன். அதோட முடிஞ்சுது. அப்புறம் நான் அவனை ஒண்ணும் பண்ண முடியாது."

எழுந்து போய்ச் சுவர் அலமாரியைத் திறந்தான். சட்டைகளுக்குக் கீழே அவனுடைய பலகை நின்றிருந்தது. புது டயர். பக்கவாட்டில் சிராய்ப்புகள் புதியவை. அதன் மேல் ஒரு ஹெல்மெட், மடித்துவைத்த முழுக்கைச் சட்டை. சார்ஜரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"கீழ பார்க்கிங்ல தினமும் ஓட்டறேன்" என்றான். "வேகம் வந்துடுச்சு. விழுந்தா ஊன்றதுக்குக் கை இன்னும் கொஞ்சம் மடங்கணும், அவ்வளவுதான். அதுக்காகத்தான் காத்துட்டு இருந்தேன். அடுத்த ஜூலைக்கு."

"எனக்கு எப்படிடா தெரியும்?" டாவியின் குரல் உடைந்தது. "உனக்காகத்தானே செஞ்சேன்."

"எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் நீ எடுத்துக்கிட்டே."

அவள் எழுந்து அவன் தோளைத் தொடப்போனாள். அவன் தோளை நகர்த்திக்கொண்டான். முரட்டுத்தனமாக இல்லை. நெரிசலில் யாருக்கோ வழிவிடுவதுபோல. அவள் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். படிக்கட்டில் அவள் இறங்கும் சத்தம் பாதியில் நின்றது. மறுபடி கேட்கவில்லை.

நானும் கிளம்பத் திரும்பினேன்.

"வெண்டல்." அலமாரிக் கதவைப் பிடித்தபடி ரேமி நின்றிருந்தான். "காலுன்னு சொன்னீங்களே. அது என்ன?"

"கணுக்கால் முறிஞ்சிருக்கு. ஆபரேஷன் பண்ணுவாங்க போல."

"சரியாயிடுமா? மறுபடி ஓட்டுவானா?"

அந்தப் பிற்பகலில் அதைக் கேட்ட முதல் ஆள் அவன்தான். அவன் முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது.

"நாளாகும். ஆனா சரியாயிடும்னுதான் ஆம்புலன்ஸ்காரங்க பேசிக்கிட்டாங்க."

"ஆகட்டும்" என்றான். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல." அலமாரியை மூடிவிட்டு வந்து உட்கார்ந்து, பந்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டான்.